கீமோ நாட்களில் ‘தைரியமா இரு’ என்ற உத்தரவு மறைத்துவிடுகிற விஷயங்கள்

புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்த வீட்டுக்கு மருந்து வருவதற்கு முன்பே அறிவுரை வந்து சேர்ந்துவிடுகிறது. “மனசு திடமா இருந்தாலே பாதி நோய் ஓடிடும்.” “அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே.” “நீ அழுதா உடம்பு இன்னும் கெடும்.” “எங்க சித்தப்பாவுக்கு இதைவிட மோசம், இப்ப தோட்டத்துல நின்னு வேலை பார்க்கிறார்.” யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. வேறென்ன பேசுவது என்று தெரியாமல் வாயில் வருகிற வார்த்தைகள் இவை. ஆனால் படுத்திருப்பவர் காதில் இது உத்தரவாகத்தான் விழுகிறது. இனிமேல் இந்த வீட்டில் சிரித்த முகமாக மட்டுமே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லோருக்கும் வருத்தம் கொடுத்த பாவம் தன்னைச் சேரும் என்று அவர் புரிந்துகொள்கிறார்.

இதனால் மனம் புண்படும் என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. டாக்டருக்குப் போய்ச் சேர வேண்டிய தகவல் பாதி வழியில் நின்றுவிடுகிறது. கீமோ மருந்தின் அளவு, வலி மாத்திரையின் அளவு, அடுத்த சுற்றைத் தள்ளிப் போடலாமா வேண்டாமா என்பதில் பெரும்பகுதி, நோயாளி வாய் திறந்து சொல்வதை வைத்துத்தான் முடிவாகிறது. கை மரத்துப்போவதை எந்த ஸ்கேனும் காட்டாது. வலிக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது.

ஓ.பி.யில் நடப்பதைக் கவனியுங்கள். காலையில் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்து, பேர் கூப்பிட்டு உள்ளே போனால் டாக்டரிடம் கிடைப்பது சில நிமிடம். “எப்படிம்மா இருக்கீங்க?” “நல்லா இருக்கேன் டாக்டர்.” பக்கத்தில் நிற்கும் மகன் பெருமையாக, “அம்மா ரொம்ப தைரியம் சார், ஒரு நாள்கூட முகம் சுளிச்சதில்லை” என்கிறார். டாக்டர் போன தடவை எழுதிய அதே அளவை மறுபடியும் எழுதுகிறார். மகன் அப்படிப் பாராட்டிய பிறகு அந்த அம்மா பாதம் மரத்துப்போவதைச் சொல்ல மாட்டார். சொன்னால் மகன் பேச்சு பொய்யாகிவிடுமே.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்

முதலில் காய்ச்சல். பெரும்பாலான கீமோ மருந்துகளில் ஊசி போட்ட 7 முதல் 14 நாளுக்குள் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது கிருமி உள்ளே புகுந்தால் சீழோ சளியோ வீக்கமோ சரியாகத் தெரியாது. அவற்றை உண்டாக்கவே வெள்ளை அணுக்கள் வேண்டும். பல நேரம் மிஞ்சி இருக்கிற ஒரே அறிகுறி காய்ச்சல்தான். தெர்மாமீட்டர் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால், அது நள்ளிரவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நேரம். (உங்கள் டாக்டர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.) நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் சீக்கிரம் ஏற வேண்டும், ஒரு இரவு தாமதம் உயிரைப் பறிக்கக்கூடும். ஆனால் ‘தைரியசாலி’ என்று பேர் வாங்கியவர் என்ன செய்வார்? “லேசா கதகதன்னு இருக்கு, எதுக்கு பிள்ளைங்க தூக்கத்தைக் கெடுக்கணும்” என்று ஒரு பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடுவார். காய்ச்சல் இறங்கும், கிருமி இருக்கும். மாத்திரை போடுவதற்கு முன்பு அளக்க வேண்டும். சூடான காபி குடித்து கால் மணி நேரம் ஆகாமல் நாக்குக்கு அடியில் வைக்கக் கூடாது. அக்குளில் அளந்தால் உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது நரம்பு. பாக்ளிடாக்ஸெல், ஆக்ஸாலிபிளாட்டின், வின்கிறிஸ்டின், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் கைகால் நுனி நரம்புகளைத் தாக்கும். விரல் நுனியில் எறும்பு ஊர்வது மாதிரி தொடங்கி, சாக்ஸ் போட்ட மாதிரி பாதம் முழுக்க உணர்வு மங்கும். “மரத்துப்போகுதா?” என்று கேட்டால் “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்பார்கள். வேலையைக் கேளுங்கள், உண்மை வரும். ஜாக்கெட் கொக்கி மாட்ட முடிகிறதா? சட்டைப் பொத்தானை யார் போடுகிறார்கள்? பூ கட்ட வருகிறதா? தரையில் விழுந்த ஒரு ரூபாயை எடுக்க முடிகிறதா? செருப்பு காலைவிட்டு நழுவியது தெரியாமலே நடந்து போகிறாரா? கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அடுத்த சுற்றுக்கு முன்பே டாக்டருக்குத் தெரிய வேண்டும். இந்த நிலையில் அளவைக் குறைப்பார்கள், இடைவெளி விடுவார்கள், சில நேரம் அந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்துவார்கள். ஆக்ஸாலிபிளாட்டினில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது: மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் மரமரப்பு கூடிக்கொண்டே போகலாம். ‘தாங்க முடியாமல் போகும்போது சொல்லிக்கலாம்’ என்று காத்திருப்பவர், சொல்லும் நாளில் ஏற்கெனவே தாமதமாகியிருப்பார். சிஸ்பிளாட்டின் ஏறுகிறவர்களுக்குக் காதில் இரைச்சல் கேட்டால் அதையும் உடனே சொல்ல வேண்டும். அந்த மருந்தால் போகும் செவித்திறன் பெரும்பாலும் திரும்புவதில்லை.

முதுகுவலியைத் தனியாகச் சொல்ல வேண்டும். மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் புற்றுநோய்கள் முதுகெலும்புக்குப் பரவுவது அடிக்கடி நடப்பது. படுத்தால் கூடுகிற முதுகுவலி, இருமினால் சுரீரென்று ஓடுகிற வலி, கால் தளர்ச்சி, சிறுநீர் போவதில் சிரமம் என்று எது வந்தாலும் தண்டுவடம் நசுங்குகிறதா என்று அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். நடந்து வருகிறவருக்குச் சிகிச்சை கொடுத்தால் தொடர்ந்து நடக்கிற வாய்ப்பு அதிகம். கால் முழுக்கச் செயலிழந்து வருகிறவருக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. “ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்து உட்கார்ந்து வந்த வலி” என்று சிரித்துக்கொண்டே தைலம் தேய்க்கிற இரண்டு நாளில் இந்த வித்தியாசம் விழுந்துவிடுகிறது.

வலியைப் பூஜ்ஜியம் முதல் பத்து வரை மதிப்பெண்ணாகக் கேட்பார்கள். 4 முதல் 6 வரை மிதமான வலி, 7 முதல் 10 வரை கடும் வலி. ஏழு என்று சொல்ல வேண்டியவர் மூன்று என்றால், மூன்றுக்கான மாத்திரைதான் வரும். இதில் மார்ஃபின் பயமும் சேர்ந்துகொள்கிறது. “மார்ஃபின் கொடுத்தா கடைசிக் கட்டம்னு அர்த்தம், அதைக் கேட்டா மனசை விட்டுட்டேன்னு நினைப்பாங்க” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவர்கள் உண்டு. மார்ஃபினுக்கும் நாள் எண்ணுவதற்கும் சம்பந்தமில்லை. வலி இருக்கும் எந்தக் கட்டத்திலும் கொடுப்பார்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வருகிறதோ இல்லையோ, கடிகாரம் பார்த்துப் போட வேண்டியது. வலி வந்த பிறகு போடுகிறவர்களுக்கு அது வேலை செய்வதே இல்லை என்று தோன்றும். முதல் மாத்திரை தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். அதை மறந்தால் மலச்சிக்கல் தாங்காமல் மார்ஃபினையே நிறுத்திவிடுவார்கள். 2014-ல் போதைமருந்துச் சட்டத்தைத் திருத்திய பிறகு அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வாங்கிவைப்பது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. மருந்து கிடைத்தும் நோயாளி வாய் திறக்காததால் வலியோடு கிடப்பதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்.

‘மனசு திடமா இருந்தா நோய் போகும்’: இது எங்கிருந்து வந்தது

இது வெறும் பாட்டி வைத்தியப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. 1979-ல் லண்டனில் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களைப் பார்த்து ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. போராடும் மனம் உள்ளவர்களும், நோயே இல்லாதது போல் நடந்துகொண்டவர்களும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள் என்றது. ஆய்வில் இருந்தவர்கள் எழுபது பேர்கூட இல்லை. ஆனாலும் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன, உலகம் முழுக்கப் பரவியது. இருபது வருடம் கழித்து, 1999-ல், அதே இதழில் 578 பெண்களைக் குறைந்தது ஐந்து வருடம் பின்தொடர்ந்த ஆய்வு வந்தது. போராடும் மனத்துக்கும் உயிர் பிழைப்பதற்கும் தொடர்பு தென்படவில்லை. முழுக்க நம்பிக்கையிழந்து தளர்ந்தவர்களுக்கும், மனச்சோர்வு அதிகம் இருந்தவர்களுக்கும்தான் அபாயம் கூடுதலாக இருந்தது. இந்தச் செய்தி முதல் செய்தி அளவுக்குப் பரவவில்லை, பரவாததில் ஆச்சரியமும் இல்லை.

2007-ல் தலை, கழுத்துப் புற்றுநோய் நோயாளிகள் 1,093 பேரின் விவரங்களை உளவியல் ஆய்வாளர் ஜேம்ஸ் கோய்னும் அவர் குழுவினரும் அலசினார்கள். சிகிச்சை தொடங்கும்போது மனநிலை நன்றாக இருந்ததா இல்லையா என்பது, அவர்கள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதைத் தீர்மானிக்கவில்லை.

இன்னொரு ஆய்வையும் இந்தப் பேச்சில் அடிக்கடி இழுப்பார்கள். அமெரிக்க மனநல டாக்டர் டேவிட் ஸ்பீகல் 1989-ல் வெளியிட்டது. பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களில் ஒரு பகுதியினர் வாரம் ஒருமுறை குழுவாகக் கூடிப் பேசினார்கள். அவர்கள் சராசரியாகப் பதினெட்டு மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்பது முடிவு. ‘மனசின் சக்தி’ என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்வார்கள். அந்தக் குழுவில் என்ன பேசினார்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். சாவைப் பற்றி, வலியைப் பற்றி, புருஷன் பிள்ளைகளிடம் சொல்ல முடியாத பயத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அழுதார்கள். பின்னால் 2001-ல் 235 பெண்களிடம் இதையே செய்து பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. ஆனால் மனவேதனையும் வலியும் குறைந்தன. பயத்தை வாய்விட்டுச் சொல்வதால் ஆயுள் குறைந்ததாக இந்த இரண்டு ஆய்விலும் வரவில்லை என்பதை, ‘அழுதா உடம்பு கெடும்’ என்பவர்கள் கவனிக்கலாம்.

அப்படியானால் ஆயுளைக் கூட்டியது எது? நியூயார்க்கில் புற்றுநோய் டாக்டர் ஈதன் பாஷ் குழுவினர் பரவிய புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் 766 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு வழக்கம்போல டாக்டரைப் பார்த்தது. இன்னொரு பிரிவு வாந்தி, வலி, மூச்சிரைப்பு மாதிரி பன்னிரண்டு தொந்தரவுகளைக் கம்ப்யூட்டரில் அவ்வப்போது குறித்து அனுப்பியது. ஏதாவது கூடினால் நர்ஸுக்குத் தகவல் போகும். 2017-ல் வந்த முடிவு: வழக்கமான பிரிவில் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 26.0 மாதம், குறித்து அனுப்பிய பிரிவில் 31.2 மாதம். ஐந்து மாதத்துக்கு மேல் வித்தியாசம். பல புதிய மருந்துகளே இவ்வளவு கொடுப்பதில்லை. நல்ல எண்ணம் கொடுக்காத மாதங்களை, ‘எனக்கு இன்னைக்கு மோசமா இருக்கு’ என்று சொன்னது கொடுத்திருக்கிறது.

வீட்டில் ஒரு நோட்டு

கம்ப்யூட்டர் வேண்டாம், 40 பக்க நோட்டு போதும். கீமோ ஏறும் நாளை 1 என்று போட்டு, ஒவ்வொரு நாளும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து விஷயம் எழுதுங்கள்: காய்ச்சல் அளவு, வலி பத்துக்கு எத்தனை, வாந்தியும் சாப்பாடும், மலம் போனதா, கைகால் மரமரப்பு. கடைசியில் ஒரு வரி, ‘இன்னைக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது எது’ என்று. இந்த வரியில் உடம்பும் வரலாம், மனசும் வரலாம், பணமும் வரலாம். எழுத முடியாதவருக்கு மகளோ மருமகளோ எழுதலாம், ஆனால் அவர் சொன்ன வார்த்தையிலேயே. “வயித்துல கல்லைக் கட்டின மாதிரி இருக்கு” என்றால் அதையே எழுதுங்கள். ‘லேசான அஜீரணம்’ என்று மாற்றாதீர்கள். ஓ.பி.யில் உள்ளே போனதும் வணக்கத்துக்கு அடுத்து நோட்டை நீட்டிவிடுங்கள். ‘எப்படி இருக்கீங்க’ என்ற கேள்விக்கு முன்பே டாக்டர் கண் அதில் விழட்டும்.

இதில் தவறுகிற இடம் ஒன்று. நோட்டைப் பார்த்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் “நேத்து மூணு, இன்னைக்கு எப்படி ஆறு ஆச்சு?” என்று ரேங்க் கார்டு மாதிரி விசாரித்தால், நாளையிலிருந்து எல்லாம் மூன்றாகத்தான் இருக்கும்.

“அவர்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்”

நம் ஊரில் பாசிட்டிவ் பேச்சு இன்னொரு படி மேலே போகும். நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு, மகனும் மச்சானும் மட்டும் உள்ளே போய், “அப்பாவுக்குக் கட்டின்னு மட்டும் சொல்லியிருக்கோம் சார், தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார்” என்பார்கள். பாசத்தில் சொல்வது, இதைக் கண்டித்துப் பயனில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையால், ‘அடையாறுக்குப் போகச் சொல்லிட்டாங்க’ என்றாலே தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் என்னவென்று புரிந்துவிடும். எல்லோருக்கும் புரிவது நோயாளிக்கு மட்டும் புரியாதா? ரேடியேஷனுக்கு வரிசையில் உட்காரும்போது பக்கத்து நாற்காலிக்காரர் முதலில் கேட்பதே “உங்களுக்கு எங்க?” என்பதுதான். அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது வீட்டுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் சிரித்துக்கொண்டு, தனித்தனியாக அழுகிறார்கள்.

நடைமுறைச் சேதம் இன்னும் அதிகம். வங்கிக் கணக்கில் நாமினி பேர் இருக்காது. நிலப் பத்திரம் எந்தப் பெட்டியில் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால் நம்பிக்கை இழந்த மாதிரி ஆகிவிடுமாம். கைமாற்றுக் கடன் யாரிடம் எவ்வளவு என்பது அவர் தலைக்குள்ளேயே இருந்துவிடும். பலன் குறைந்துபோன மூன்றாவது வகை கீமோவுக்கு, இருக்கிற ஒன்றரை ஏக்கரை விற்பார்கள். அவரைக் கேட்டிருந்தால், நிலத்தைப் பேத்திக்கு வைத்துவிட்டு வீட்டுத் திண்ணையில் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கக்கூடும்.

இந்தச் சுவரைச் சம்மட்டியால் உடைக்கக் கூடாது. வலி தணிப்புச் சிகிச்சைக்காரர்கள் செய்கிற வரிசை இது. முதலில் குடும்பத்தின் காரணத்தைக் கேட்டு, அதில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வார்கள். பிறகு, “இதை மறைச்சு வைக்கிறது உங்களுக்கு எப்படி இருக்கு?” என்று கேட்பார்கள், பெரும்பாலும் அங்கேதான் மகன் உடைவார். அடுத்து, “நாங்களா எதையும் சொல்ல மாட்டோம், அவருக்கு என்ன தெரியும்னு மட்டும் கேட்கிறோம்” என்று அனுமதி வாங்குவார்கள். நோயாளியிடம் இரண்டே கேள்வி: “உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?” “எவ்வளவு விவரம் தெரிஞ்சுக்க விரும்புறீங்க, உங்ககிட்ட பேசட்டுமா, பையன்கிட்ட பேசட்டுமா?” இரண்டாவது கேள்விக்கு, “எல்லாம் பையனே பார்த்துக்கட்டும்” என்று பதில் வந்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

அப்போ என்னதான் பேசுறது

பார்க்க வருகிறவர்களுக்கு முதலில்: கால் மணி நேரம் போதும். வேறு ஒருவருக்கு வந்து குணமான கதையைச் சொல்லாதீர்கள். தைராய்டில் வருகிற பாப்பிலரி வகையும் கணையத்தில் வருகிற புற்றுநோயும் பெயரில்தான் உறவு. முதலாவதில் பெரும்பாலோர் குணமாகிவிடுவார்கள், இரண்டாவது மிகக் கொடியது. உங்கள் சித்தப்பா தோட்ட வேலை பார்ப்பதற்கும் இவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்பதும் உதவாது, யாரும் கேட்க மாட்டார்கள். “வியாழக்கிழமை கீமோவுக்கு நான் துணைக்கு வர்றேன், சாயங்காலம் பசங்களை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு” என்று நாளும் வேலையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வீட்டில் கூடவே இருப்பவர்கள், “எப்படி இருக்கீங்க” என்பதற்குப் பதில் “இன்னைக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். மொத்த வாழ்க்கைக்கும் பதில் சொல்ல முடியாது, இன்றைக்குச் சொல்லலாம். “பயமா இருக்கு” என்று வந்தால் “பயப்படாதே” என்று வாயில் வருவதை விழுங்கிவிட்டு, “எதை நினைச்சா ரொம்ப பயமா இருக்கு?” என்று கேளுங்கள். சாவு என்று பதில் வரும் என நாம் பயப்படுகிறோம். பல நேரம் வருவது வேறு: போன தடவை மாதிரி ராத்திரி முழுக்க வாந்தி எடுக்குமோ, மகள் நிச்சயதார்த்தத்துக்கு முடி இருக்குமோ, கடனை யார் கட்டுவார்கள். இவற்றில் பாதிக்கு வழி உண்டு. வாந்திக்குக் கீமோவுக்கு முன்பே போடும் ஊசியையும், வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று நாள் போட வேண்டிய மாத்திரையையும் மாற்றிக் கொடுப்பார்கள். பணத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது. சிகிச்சைக்கு ரயிலில் போகிற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் கட்டணச் சலுகை முழுசாக உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். ‘எல்லாம் சரியாயிடும்’ என்று மூடிவிட்டால் இந்த உதவிகள் எதுவும் பேச்சுக்கே வராது.

அழுதால் அழவிடுங்கள். கண்ணைத் துடைத்துவிட அவசரப்படாதீர்கள், அது ‘போதும் நிறுத்து’ என்று கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். யாரும் தடுக்காத அழுகை பெரும்பாலும் சில நிமிடத்தில் தானாக அடங்கும். அடக்கச் சொன்ன நினைப்பு அப்படி அடங்காது. 1987-ல் வெளிவந்த ஆய்வில் உளவியலாளர் டேனியல் வெக்னர் கல்லூரி மாணவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்றார். நினைத்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தடையை எடுத்த பிறகு அவர்களுக்கு மற்றவர்களைவிடக் கரடி நினைப்பு கூடுதலாகவும் வந்தது. “அதையே நினைக்காதே” என்று நாம் நோயாளிக்குச் சொல்வதும் இதே பரிசோதனைதான்.

நல்ல வார்த்தையே சொல்லக் கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். “நல்லாயிடணும்னுதான் நானும் ஆசைப்படறேன். ஒருவேளை நாம நினைச்ச மாதிரி நடக்கலேன்னா என்ன பண்ணணும்னு உங்களுக்கு ஏதாவது இருக்கா?” என்று இரண்டையும் சேர்த்தே சொல்லலாம். அவராகவே “எனக்குச் சரியாயிடும், அடுத்த தைப்பூசத்துக்குப் பழனி போறேன்” என்றால் அதைக் கெடுக்க நமக்கு என்ன உரிமை? மருந்து ஒழுங்காகப் போகிறது, தொந்தரவுகளைச் சொல்கிறார், பத்திர வேலைகள் நடக்கின்றன என்றால் அந்த நம்பிக்கை அப்படியே இருக்கட்டும். ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ என்று சொல்லிக் கீமோவைத் தவறவிட ஆரம்பித்தால்தான் பேச வேண்டும்.

நோய் திரும்பி வந்தவர்களிடம் பேசுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இத்தனை நாள் “உன் மனசுதான் உன் மருந்து” என்று கேட்டவருக்கு, ஸ்கேனில் புதிதாக ஒன்று தெரிந்ததும் முதலில் தோன்றுவது, ‘நான்தான் எங்கேயோ மனசை விட்டுட்டேன்’ என்பது. அவரிடம் நேராகச் சொல்லுங்கள்: மருந்தை மீறி செல் வளர்ந்திருக்கிறது, உங்கள் மனநிலையால் வரவில்லை. கவலைப்பட்டதால்தான் நோயே வந்தது என்று பேசுகிற உறவுக்காரர்களை வாசலோடு அனுப்பிவிடலாம் என்பது என் கட்சி.

வருத்தம் வேறு, மனச்சோர்வு வேறு

அழுவதையெல்லாம் நோய் என்று சொல்லவில்லை. எல்லாம் இயல்பு என்று விட்டுவிடவும் கூடாது. களைப்பு, பசியின்மை, தூக்கமின்மை மூன்றும் புற்றுநோயாலும் கீமோவாலும் வரும் என்பதால் அவற்றை வைத்து மனச்சோர்வைக் கண்டுபிடிப்பது கடினம். வேறு மூன்றைப் பாருங்கள்: பேரன் வந்தால்கூட முகம் மலராமல் எதிலும் நாட்டமின்மை, ‘நான் எல்லாருக்கும் பாரம்’ என்ற குற்ற உணர்வு, இனி எதுவும் இல்லை என்ற எண்ணம். இவை பெரும்பாலான நாட்களில், நாள் முழுக்க, இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும். சிகிச்சைக்குப் பலன் உண்டு. மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நாலு நாளில் பலனில்லை என்று நிறுத்தாதீர்கள். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை எடுப்பவர்கள் அதை மனநல டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பாராக்ஸெடின், ஃப்ளூஆக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் உடம்பில் டமாக்ஸிஃபென் செயல்வடிவம் பெறுவதைக் குறைத்துவிடும். மாற்று மாத்திரைகள் இருக்கின்றன.

“நான் போய்ச் சேர்ந்தா எல்லாருக்கும் நல்லது” என்று சொன்னால், “சீ, அப்படியெல்லாம் பேசாதே” என்று வாயை அடைக்காதீர்கள். “உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், மருந்துப் பெட்டியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். கூடவே இருந்து கவனிப்பவர்களும் அந்த எண்ணைக் கூப்பிடலாம். இருபத்து நாலு மணி நேரமும் சிரித்துக்கொண்டிருக்கும் வேலை அவர்களுக்கும்தான் விழுந்திருக்கிறது.

கடைசியாக, எல்லா வீடும் பயப்படுகிற கேள்வி. “நான் செத்துடுவேனா?” இதற்கு ‘ஆமாம்’ அல்லது ‘இல்லை’ சொல்ல வேண்டிய கட்டாயம் வீட்டில் இருப்பவர்களுக்கு இல்லை. “இன்னைக்கு என்ன நினைச்சு இதைக் கேட்கிறீங்க?” என்று திருப்பிக் கேளுங்கள். டாக்டர் ஏதோ சொன்னது காதில் விழுந்திருக்கலாம், பக்கத்துக் கட்டில்காரர் காலியாகியிருக்கலாம், வலி கூடியிருக்கலாம். காரணம் வந்ததும் அதைப் பற்றிப் பேசுங்கள். அதற்குப் பிறகும் கேள்வி நின்றால், “எனக்குத் தெரியல, எனக்கும் பயமாத்தான் இருக்கு, அடுத்த தடவை டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் சேர்ந்தே கேட்போம்” என்று சொல்லி, அவர் கண் முன்னால் நோட்டில் எழுதிவையுங்கள். ஓ.பி.யில் அந்தக் கேள்வி முதலில் இருக்கட்டும், மாத்திரைச் சீட்டு எழுதி முடிந்து எழுந்திருக்கும் நேரத்துக்கு விடாதீர்கள். உட்கார்ந்து பதில் சொல்ல டாக்டருக்கும் நேரம் வேண்டும். முடிந்தால் முந்தின நாளே போன் செய்து, பேசுவதற்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்று சொல்லிவைத்துவிடுங்கள்.